பக்கம் நிறையத் துவால்கள்

'துவால்' பிரெஞ்சுக் குடும்பப் பெயர். கல்யாணத்தில் கணவரோடு சேர்ந்து எனக்கும் வந்தது. நான் ஒரு கலைக்களஞ்சியத்தில் உதவி ஆசிரியை. போன வருஷம் 'து' வரிசை என் தலையில் விழுந்தது. தோண்டத் தோண்டத் துவால்கள்: ஒரு வேதியியல் நிபுணர், ஒரு வாள்வீச்சு வீராங்கனை, ஒரு மலைக் கணவாய், ஏதோ நாடகத்தில் வரும் திருட்டு வக்கீல். போதாக்குறைக்கு ஒரு வண்டு.

"வண்டுக்கெல்லாம் இடம் இருக்கு, எனக்கு இல்லையாம்மா?" என்றார் மாமனார். லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருஷமாக ஊரையே மேலே ஏற்றி இறக்கியவர். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். போகப் போக, தினமும் சாப்பாட்டு மேஜையில் இதே பாட்டு. மனுஷருக்கு உள்ளூர ஆசை என்று புரிந்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. புத்தகத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யை நுழைப்போம். வேறு பதிப்பகம் காப்பியடித்தால் பொய்யும் கூடவே போகும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இந்தத் தடவை பொய் சொல்லும் பொறுப்பு எனக்கு. சும்மா விடுவேனா? மாமாவின் பெயரைப் போட்டு, 'லிஃப்டுக்குள் பை மாட்டும் கொக்கியை உருவாக்கியவர்' என்று எழுதினேன்.

புத்தகம் வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். முதலில் வாயெல்லாம் பல். பிறகு நெற்றி சுருங்கியது.

"கொக்கியா? நான் எப்பம்மா செஞ்சேன்?"

மறைக்க மனசு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"ஓஹோ. என்னைப் பத்தி நிஜமா எழுத ஒண்ணுமே கிடைக்கலைன்னு சொல்லு."

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான்கு நாள் மாமா என்னிடம் "உம்" என்பதற்கு மேல் பேசவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் புத்தகத்தில் தன் பெயர் வரப்போகிறது என்று சொல்லி வைத்திருந்தவர், வீட்டை விட்டே வெளியே போகவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து லிஃப்டில் ஏறினேன். நான்காம் மாடி டீச்சர் கையை வீசிக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய இரண்டு பைகளும் சுவரில் பளபளத்த பித்தளைக் கொக்கியில் தொங்கின.

"உங்க மாமனார் காலைல மாட்டினது. என் தோள் பிழைச்சுது போங்க!"

வீட்டில் மாமா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லும்மா, எது பொய்?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாள் முதல் வேலையாகத் கலைக்களஞ்சியத்தின் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனேன்.

"அடுத்த பதிப்புக்கு வேற பொய் தேடணும் சார். இது நிஜமாயிடுச்சு."