இபுகியின் முதுகில் என் தையல்

ஜப்பானில் எங்கள் ஊரான தொமாகொமாயில் பனித்தளத்தில் கால் வைக்கிற பையன் கையில் ஹாக்கி மட்டை இருக்கும். என் தம்பி இபுகி மட்டும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு இசைக்குச் சறுக்கி ஆடப் போனான். நான் ஊர் ஹாக்கி அணியின் கேப்டன், கோல்கீப்பரும் நானே. அவனுக்கு நான் வைத்த பெயர் மயில்.

"டேய் மயிலு, இன்னிக்கும் ஜிகினாவா?"

"நீங்கல்லாம் மெத்தையக் கட்டிக்கிட்டு விழறீங்க. நான் இந்த மெல்லிசு சட்டையோட விழறேன். இதுல யாருண்ணே ஆம்பள?"

நான் காலில் காப்பு மெத்தையைக் கட்டிக்கொண்டேன்.

வட்டாரப் போட்டி முடிந்ததும் அதே தளத்தில் எங்களுக்குப் பயிற்சி. அதனால் அணி முழுக்க மூட்டையோடு வந்து, தளத்தைச் சுற்றிய தடுப்புப் பலகை ஓரம் நின்றோம். முதல் மூன்று பேருக்குத்தான் தேசியப் போட்டி. இபுகி வருடா வருடம் நான்காவது. கல்லூரி முடிகிறது, இனி வாய்ப்பில்லை.

ஒத்திகையில் தாவி, காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி இறங்கினான். இறங்கிய வேகத்தில் முதுகு ஜிப் கழுத்திலிருந்து இடுப்புவரை வாயைப் பிளந்தது. முதலில் ஆட வேண்டியவனும் அவன்தான்.

யாரோ ஊக்கை நீட்டினார்கள். "ஐயோ, வேணாம்! கழண்டு தளத்துல விழுந்தா ஒரு புள்ளி போச்சு" என்று பயிற்சியாளர் மிசாவா அம்மா கையைத் தட்டிவிட்டார்.

கோல்கீப்பரின் கையுறை கிழியாத வாரம் கிடையாது. அதனால் என் மூட்டையில் ஊசியும் மெழுகு நூலும் எப்போதும் இருக்கும். எடுத்தேன்.

"திரும்புடா. மூச்சை இழு."

"இழுத்துத் தச்சா எப்படிண்ணே தாவறது?"

"அப்ப விட்டுட்டு நில்லு."

"கையுறைன்னு நெனச்சுக் குத்தாத, உள்ள நான் இருக்கேன்!"

"கேப்டன், பட்டு நூல் கெடைக்கலியா?" என்றான் எங்கள் தடுப்பாட்டக்காரன் தைகா.

பெயரை அழைத்துவிட்டார்கள். நூலைப் பல்லால் கடித்தேன். உதட்டில் ஜிகினா ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெரிய தாவலுக்கு அவன் திரும்பியபோது எல்லோரும் காலைப் பார்த்தார்கள், நான் முதுகைப் பார்த்தேன். எழும்பினான். எங்களில் ஒருவனுக்கும் வராத உயரம். ஒற்றைக் காலில் இறங்கி, அவசரமே இல்லாதவன்போல் கையை விரித்தான். தையல் நின்றது. தைகா மட்டையால் பலகையில் ஓங்கி அறைந்தான், கோல் விழுந்தால் அறைவோமே, அப்படி. அணி முழுக்க அறைந்தது.

ஆடி முடித்து நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணே, பிரி. ஒண்ணுக்கு அவசரம். மேலயும் கீழயும் ஒரே துணி."

"மேடை ஏற வேண்டி வந்தா? மறுபடி தைக்க நூல் இல்லடா. அடக்கிக்கோ."

"தண்ணி வேற குடிச்சுத் தொலைச்சேன்!"

மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். முடிவை நினைத்துப் பதறுகிறான் என்று மிசாவா அம்மா தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது! நான்காவது ஆளைவிட அரைப் புள்ளி கூட.

பதக்கம் கழுத்தில் விழுந்ததுதான் தாமதம், ஒரே சறுக்கில் வந்து முதுகைக் காட்டினான். நூலை இழுத்தேன். அசையவில்லை, ஹாக்கி வட்டின் அடியைத் தாங்குகிற தையல். தைகா குனிந்து பல்லால் கடித்தான். அடுத்தவன் கடித்தான். ஆளுக்கொரு தையல்.

இபுகி கழிவறைக்குப் பறந்தான். நாங்கள் உதடெல்லாம் ஜிகினாவோடு பயிற்சிக்கு இறங்கினோம்.