கண்ணாடியில் ஒரு கைரேகை

சேக் தாவூதின் டீக்கடையில், பேப்பர் தொங்கும் கயிற்றுக்கு மேலே அந்தப் படத்தை ஒட்டியது துரைராசுதான். இராஜாங்கத்தின் கூடப்பிறந்த தம்பி. படத்தில் ஒரு மெஷின். பிறந்த குழந்தையைப் படுக்கவைத்துச் சூடு கொடுக்கிற கண்ணாடித் தொட்டில். மேலே விளக்கு, கீழே நாலு சக்கரம். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்காகத் தன் மகள் சுடர்விழி வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்த படம் என்று, டீ குடிக்க வந்தவனிடமெல்லாம் துரைராசு சொல்லிக்கொண்டிருந்தான்.

இராஜாங்கம் நம்பவில்லை. உர மூட்டை தைத்து வந்தாலும் பிரித்துக் கையை விட்டுப் பார்த்துத்தான் வாங்குகிற ஆள் அவர். அதோடு, அந்தப் படத்தைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாக அந்தத் தெருவில் அவர் வீடுதான் வீடு. மகன் நெடுஞ்செழியன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய்க் கட்டிய மாடி. வலங்கைமானிலிருந்து யார் வந்து வழி கேட்டாலும் மாடி வீட்டைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். இப்போது கரண்ட் போனால் அந்த மாடியில் விசிறி ஓடுவதில்லை. தம்பியின் ஓட்டு வீட்டில் இன்வெர்ட்டர் உறுமுகிறது. நெடுஞ்செழியன் வெயிலில் சாரத்தின் மேல் தொங்குகிறான். இந்தப் பெண் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு விரலை ஆட்டுகிறாள். வழி கேட்டு வருகிறவர்களுக்குக் ‘கம்ப்யூட்டர் பொண்ணு வீடு’தான் அடையாளம் என்று ஆகிவிட்டது.

படத்தின் முன்னால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு சிரித்தார். தொட்டில் கண்ணாடியில் ஒரு ஜன்னலின் வெளிச்சம் கம்பியோடு விழுந்திருந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கை பட்டதுபோல ஒரு ரேகை.

“இல்லாத கண்ணாடியில ஜன்னல் எப்படிடா தெரியும்? இல்லாத மெஷின்ல எவன்டா வெரல வெச்சான்? எங்கயோ ஆஸ்பத்திரியில போட்டோ புடிச்சிருக்கு.”

அந்தக் கறையைச் சுடர்விழிதான் வேண்டுமென்றே வைத்தாள், அழுக்கு இருந்தால்தான் நிஜம்போலத் தெரியுமாம் என்று சேக் தாவூது டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். அழுக்கை ஒருத்தி உட்கார்ந்து வரைவாளா என்று கேட்டார் இராஜாங்கம். கடை முழுக்கச் சிரித்தது. சிரித்தது அழுக்குக்கா தனக்கா என்று தெரியாத கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

“அந்த மெஷின நான் கண்டுபுடிக்கிறேன். இல்லன்னா இந்த மீசைய எடுத்துடறேன்.”

நாற்பது வருஷ மீசை. கடை சிரிப்பை நிறுத்தியது. துரைராசு மட்டும் தன் மீசையைத் தடவியபடி, “பாத்து போய்ட்டு வாங்கண்ணே” என்றான். அதில் இருந்த மரியாதைதான் இராஜாங்கத்தை இன்னும் குத்தியது.

படத்தைப் பிய்த்துச் சுருட்டிக்கொண்டு மறுநாள் காலையிலேயே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினார். நெல்லை வண்டு அரிக்கிறது, அதைப் பார்க்க ஆளில்லை, தம்பி மகள் மேல் துப்புத் துலக்கப் போகிறீர்களா என்று மனைவி காளியம்மாள் கேட்டது காதில் விழாததுபோல நடந்தார். கும்பகோணத்தில் இரண்டு ஆஸ்பத்திரி. நோயாளி யார் என்று வாசலில் கேட்டார்கள். தொட்டிலைப் பார்க்க வேண்டும் என்றார். பேரனா பேத்தியா என்றார்கள். உள்ளே விட்ட இடத்தில் வேறு மாதிரித் தொட்டில். இன்னொரு இடத்தில் உள்ளே விடவே இல்லை.

மூன்றாம் நாள் தஞ்சாவூர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பச்சைக்குழந்தை வார்டு வாசலில் நர்ஸ் அவரைத் தடுத்து நிறுத்த, சத்தம் கேட்டு ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். இராஜாங்கம் படத்தை விரித்தார். டாக்டரம்மா முதலில் அவரைப் பார்த்தார். அப்புறம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கண்ணாடி கீழே மடங்குகிறதே, இப்படி இருந்தால் குழந்தையைத் தூக்காமலே தாய் தொடலாமே, எங்கே வாங்கியது என்று விசாரித்தார்.

“அதத்தாங்க நானும் தேடுறேன்” என்றார் இராஜாங்கம்.

டாக்டரம்மா அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். இங்கிலீஷ். இராஜாங்கத்துக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

“பெரியவரே, இது போட்டோ இல்ல. இன்னும் செய்யாத மெஷின், மாதிரிப் படம்னு இங்கயே போட்டிருக்கே. யார் செஞ்சது?”

மூன்று நாள் அலைச்சலும் அந்தப் பொடி எழுத்துக்குள் போய் விழுந்தது. ‘தம்பி மவ’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். துரைராசுவின் முகம் நினைவுக்கு வந்தது. இந்த இடத்திலும் அவனுக்கு எதற்குப் பெருமை?

“எம் மவ” என்றார்.

நர்ஸ் நாற்காலி போட்டாள். டாக்டரம்மா படத்தின் பின்பக்கம் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, அந்த மடிப்பு எவ்வளவு உயரம் என்று மகளிடம் பேச வேண்டும், கட்டாயம் கொடுங்கள் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் இராஜாங்கம் ஒரு பெரிய மனுஷியின் அப்பாவாக உட்கார்ந்து வந்தார். ஊர் நெருங்க நெருங்க மேலுதடு அரித்தது. தஞ்சாவூரில் மெஷின் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்றால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? மீசை தப்பும். ஆனால் பின்பக்கம் டாக்டரம்மா கையெழுத்து இருக்கிறது. படத்தைக் கிழித்தாக வேண்டும். ஓரத்தில் நகத்தை வைத்துக்கூடப் பார்த்தார். கிழித்தால் அந்த நாற்காலியும் ‘எம் மவ’வும் சேர்ந்து கிழியும். அதற்குக் கை வரவில்லை.

வலங்கைமானில் இறங்கி நேரே சலூனுக்குப் போனார்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் தம்பி வாசலில் நின்று படத்தை நீட்டினார். சுடர்விழி வெளியே வந்தாள். மீசை இருந்த இடத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பேசச் சொன்னதை மட்டும் சொன்னார். தான் அங்கே என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. துரைராசு பின்னால் வந்து, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“பெரியப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கவா? மீசய கம்ப்யூட்டர்ல வெச்சுக் குடுத்துடறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

இராஜாங்கம் யோசித்தார். செல்போன் முன்னால் நிமிர்ந்து நின்றார். துரைராசு காப்பி எடுக்க உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“வெய்யி. ஒங்கப்பன் மீசய விடப் பெருசா வெய்யி.”