தேக்கஞ்சருகும் தடைப் பலகையும்

வன்னி முழுவதும் பற்றி எரிந்தாலும் நெளுக்குளத்துக் குகதாசனின் காணிக்குள் மட்டும் நெருப்பு நுழையாது. இதை அவர் பகிடியாகச் சொல்வதில்லை. நான்கு பக்கமும் கொங்கிரீட் தூண், முள்ளுக்கம்பி, வாசலில் மும்மொழியிலும் 'தனியார் காணி, உட்புகத் தடை' என்ற பலகை, காணி உறுதிப் பத்திரமோ அலுமாரிக்குள். இத்தனைக்கும் மேல் நெருப்பு எந்த முகத்தோடு வரும் என்பது அவர் கட்சி.

காணிக்குள் தேக்கு. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சோற்றுத் தட்டு அளவு இலைகள் காய்ந்து கொட்டி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அவர் கூட்டியதே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ராஜினியின் வீடு. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒரு பசு, தென்னோலைக் கிடுகு வேய்ந்த மாட்டுக் கொட்டில். வேலியோரத்தைத் தினமும் அகலமாகக் கூட்டி வெறுந்தரையாக வைத்திருப்பாள்.

"என்ன பிள்ளை, காட்டுக்கும் முத்தம் கூட்டுறியோ? அப்பிடியே கோலத்தையும் போட்டுவிடன்."

"ஒங்க பக்கமும் ஒரு பாய் அகலத்துக்குக் கூட்டிவிடுங்க ஐயா. பத்திக்கிட்டா மொதல்ல போறது எங்க கொட்டில்தான்."

"என்ர காணிக்குள்ள எங்க கூட்டுறதெண்டு நீ சொல்லித் தராத."

"சரிங்க. அப்ப எங்க கூரையில விழுற எலையையும் ஒங்க காணிக்குள்ளயே வச்சுக்கங்க."

குசினி யன்னலுக்குள்ளிருந்து மனைவி கமலாசனி கேட்டா: "அவள் கேட்டதில என்ன பிழை?"

"நீர் அடுப்பைப் பாரும்."

ஒரு மத்தியானம் யாரோ மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று ரோட்டோரக் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். நெருப்புக்கு மூன்று மொழியும் தெரியவில்லை. கடைசிக் கம்பிக்குக் கீழால் புகுந்து சருகைப் பிடித்துக்கொண்டது. ராஜினி கூட்டிய தரைக்கு வந்ததும் திகைத்து நின்றது. அதனால் வீடு தப்பியது. ஆனால் எரியும் தேக்கிலைகளைக் காற்று தூக்கிக்கொண்டுபோய்க் கிடுகில் போட்டது. பசுவின் கயிற்றை வெட்டிவிடுவதற்குள் அவளுடைய கை வெந்துபோனது. கொட்டில் சாம்பல்.

கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றிக் களைத்துப்போன சனத்துக்கு நடுவில் குகதாசன் தன் மரங்களைத் தட்டிப் பார்த்தார். அடி கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

"பாத்தியளோ? ஒரு மரம் விழேல்லை. நான் சொன்னனான்."

ஈரச்சீலை சுற்றிய கையோடு ராஜினி வேலிக்கு வந்தாள். குரல் உயரவில்லை.

"ஓம் ஐயா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல. எங்கள எரிச்சது ஒங்க காணியில இருந்து வந்தது. அந்தப் பலகைய உள்பக்கமாத் திருப்பி வைங்க. உள்ள வாறதுக்குத் தடை போடத் தெரிஞ்ச ஒங்களுக்கு, வெளிய போறதுக்குப் போடத் தெரியலையே."

"கதையைக் குறை," என்றார் குகதாசன். அன்றைக்குக் கமலாசனி அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வெந்த மரங்கள் மிச்ச இலையையும் உதிர்க்கத் தொடங்கின. ஒருநாள் காலையில் குசினிக்குப் பின்னால் விளக்குமாற்றைக் காணவில்லை. கமலாசனி எட்டிப் பார்த்தா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலியோரமாகக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார் மனுசன். ஒரு பாய் அகலம் என்ன, மூன்று பாய் விரிக்கலாம்.

வேப்பமரத்தடியில் பசுவைக் கட்டிக்கொண்டிருந்த ராஜினி நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. ஓர் இலை பறந்து அவளுடைய பக்கம் விழுந்தது. குகதாசன் முள்ளுக்கம்பிக்கு இடையால் கையை விட்டு, அதை எடுத்துத் தன் குவியலில் போட்டார்.