எக்ஸும் ஒய்யும் குடித்தனம் வைத்தது

கல்யாணத்துக்கு முன்பு செண்பகவடிவு போட்டித் தேர்வு வினாத்தாளில் எக்ஸாக வேலை பார்த்தாள். அதே கேள்வியில் குற்றாலிங்கம் ஒய்யாக இருந்தார். ‘எக்ஸ் ஒற்றைப்படை எண், ஒய் இரட்டைப்படை எண் எனில், கீழ்க்கண்டவற்றுள் எது எப்போதும் ஒற்றைப்படை?’ என்பது கேள்வி. இருவரும் தென்காசியில் ஒரே பஸ் ஏறி, மணி அடிப்பதற்குள் தாளில் போய் நின்றுகொள்வார்கள்.

தேர்வெழுதுகிற பிள்ளைகள் கூட்டும்போது தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். சுகமான வேலை. இன்றைக்கும் பென்சில் சீவுகிற வாசம் வந்தால் அவளுக்குத் தோள்பட்டை கதகதப்பாகிவிடும். பெருக்கும்போதுதான் சிரமம். இரட்டைப்படையோடு எதைப் பெருக்கினாலும் இரட்டைப்படைதான் என்பதால் அவளுடைய ஒற்றை போய்விடும். தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள்.

“கொஞ்சம் பொறுங்க. அடுத்த பிள்ளை கூட்டத்தான் போகுது. முகத்தப் பாத்தாலே தெரியுது” என்பார் குற்றாலிங்கம்.

கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது எழுத்தர் இருவரையும் கூட்டிப் பார்த்தார்.

“ஒற்றைப்படை வருதே. குடும்பம்னா ரெண்டால வகுத்தா மீதி இருக்கக் கூடாது.”

“பெருக்கிப் பாருங்களேன்” என்றார் குற்றாலிங்கம்.

“வேண்டாம்” என்றாள் செண்பகவடிவு. காலமெல்லாம் தலைசுற்றலோடு குடித்தனம் நடத்த முடியாது.

“அப்ப இன்னொரு ஒற்றைப்படையக் கூட்டிட்டு வாங்க” என்றார் எழுத்தர்.

தேர்வறைக்குத் திரும்பினார்கள். ஒற்றைப்படைகளை இரண்டால் வகுத்த பிள்ளைகள் விட்டுப்போன மீதி ஒன்றுகள் பெஞ்சுக்கடியில் கிடந்தன. ஒன்று மட்டும் அழுதுகொண்டிருந்தது. செண்பகவடிவு அதைத் தூக்கி முந்தானையால் துடைத்தாள்.

“உங்க மீதிதான். அதே மூக்கு” என்றார் குற்றாலிங்கம்.

அன்றே கல்யாணம் பதிவானது. குழந்தைக்கு ஏகவல்லி என்று பெயர் வைத்தார்கள்.

ஏகவல்லி வளர்ந்து வேலைக்காகக் கோயம்புத்தூர் பஸ் ஏறியதும் வீடு மறுபடி ஒற்றைப்படையாயிற்று. இருவரில் ஒற்றைப்படையாக இருப்பவர் வெளியேற வேண்டும் என்று பதிவு அலுவலகத்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். செண்பகவடிவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. காலையில் குற்றாலிங்கம் சட்டையை மாட்டினார்.

“போய் ரெண்டா வகுத்துக்கிட்டு வாரேன்.”

“பாதியும் இரட்டைப்படையா இருந்துட்டா?”

“அதையும் பாதியாக்குவோம். எங்கயாவது ஒரு ஒற்றைப்படை வராமலா போயிரும்?”

“நீங்க சைபரா இருந்தா?”

“இருந்திருந்தா, மொத நாள் பெருக்குனப்பவே நீ இல்லாமப் போயிருப்பியே.”

அவளுக்கு மனசு ஆறியது.

முதல் வகுத்தலிலேயே ஒற்றைப்படை வந்தது. ஒரு பாதி வீட்டுக்கு வந்தார். மறுபாதி அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். ஞாபகங்களும் சமமாகப் பிரிந்தன. கல்யாணத்துக்குப் பிந்தியவை இவரிடம், முந்தியவை அவரிடம். வினாத்தாள் காலத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஆளில்லாமல் போயிற்று. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் செண்பகவடிவு இவரையும் அழைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போவாள். அவர் பழைய தேர்வுகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இவர் முதல்முறை கேட்பவர் போல ‘உம்’ கொட்டுவார்.

போன வாரம் அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆயிருச்சு.”

அவர் முகம் வாடிவிட்டது. இவருக்குப் பொறுக்கவில்லை.

“தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வாங்க. மகளும் வாரா. நாலு ஒற்றைப்படை சேந்தா இரட்டைப்படைதான், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

“வாரேன். வந்து முறைப்படி பொண்ணு கேக்கலாம்னு இருக்கேன். யார்ட்டக் கேக்கணும்?” என்றார் அவர்.

“என்ட்டதான் கேக்கணும்” என்றார் இவர். “தேங்கா, பழத்தோட வாங்க.”