டில்லியில் ஒரு பிடி கேழ்வரகு மாவு

"தூணையெல்லாம் பார்த்தீங்களா மச்சான்? ஒண்ணொண்ணும் நம்மூர்க் கோயில் மணிக்கூண்டு ஒசரம்."

"தூணைப் பார்க்கவா மொரப்பூர்ல ரயிலேறி இத்தனை தூரம் வந்தேன்? என் தங்கச்சியைக் கூட்டிப் போக வந்தேனுங்க."

"முதல்ல பாருங்க. அப்புறம் பேசலாம். உங்க ஆயுசுல இன்னொரு தரம் கிடைக்காது."

வட்டமான பெரிய கட்டடத்தை டாங்கா என்ற குதிரைவண்டி சுற்றிக்கொண்டிருந்தது. முன்பலகையில் வண்டிக்காரனோடு மரியசூசை. பின்பலகையில், அவர்களுக்கு முதுகு காட்டி, அவன் மனைவி லூர்து மேரியும் அவள் அண்ணன் வியாகுலமும். மரியசூசை கைநீட்டிக் காட்டியதெல்லாம் கடந்துபோன பிறகுதான் அவர்கள் கண்ணுக்கு வந்தது.

லூர்து மேரிக்கு ஏழாம் மாதம். போன குளிர்காலத்தில் இதே புது டில்லியில், கணவனுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறையில், அவளுக்குப் பிறந்த பிள்ளை ஞானஸ்நானத்துக்கு முன்பே செத்துப்போனது. பாஷை தெரியாத மருத்துவச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஆறுதலா, திட்டா என்று இன்றுவரை தெரியாது. இந்தப் பிள்ளையையாவது அம்மா பக்கத்தில் இருக்கப் பெற வேண்டும். அதற்காகத்தான் அண்ணன் வந்திருந்தான். அன்று சாயங்கால ரயிலுக்குத் திரும்புகிறான். அவளை அனுப்புகிறேன் என்றும் மரியசூசை சொல்லவில்லை, அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, "ஊரைச் சுத்திக் காட்டறேன்" என்று வண்டி பிடித்துவிட்டான்.

வியாகுலத்தின் மடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. வறுத்த கேழ்வரகை வெல்லம் சேர்த்து இடித்த மாவு. பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப்போக வருகிறவன் அதைக் கொண்டுவருவது இரண்டு குடும்பத்திலும் வழக்கம். புருஷன் அதில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் சம்மதம். வந்த அன்றே மூட்டையை அவிழ்த்து வைத்தான் வியாகுலம். மரியசூசை பல்வலி என்றான். மறுநாள் வயிறு சரியில்லை என்றான்.

"இந்த ரோட்டைப் பாருங்க, நூல் புடிச்சுப் போட்டது. ஊரைக் கட்டறதுக்கு முன்னாடியே காயிதத்துல வரைஞ்சுட்டாங்க. நம்ம பக்கம் மாடு போன தடந்தானே ரோடு."

"அந்த மாட்டுக்காச்சும் வூட்டுக்குப் போற வழி தெரியுமுங்க."

குவிமாடம் வைத்த சிவப்புக் கட்டடங்கள் வந்ததும் மரியசூசை கைநீட்டினான். "இதுதான் நம்ம ஆபீசு."

"உள்ளாற உங்களுக்கு என்ன வேலைங்க மச்சான்? கதவு தொறக்கறதா, சாத்தறதா?"

லூர்து மேரிக்குக் கணவனின் முகம் தெரியவில்லை. பலகைக்கு அந்தப்புறம் அவன் முதுகு விறைத்தது மட்டும் தெரிந்தது.

பெரிய கல்வளைவின் பக்கத்தில் இறங்கினார்கள். வெயில் உச்சிக்கு ஏறியும் குளிர் விடவில்லை. பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்குவதற்காக இரவு முதல் மூவரும் பச்சைத்தண்ணீர் கூடத் தொடவில்லை. பூசை முடிந்து ஒரு வாய் காப்பிக்கும் மரியசூசை இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வந்துவிடும் என்ற பயம் அவனுக்கு.

லூர்து மேரி புல்தரையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. ஒரு பிடி தின்றாள். அண்ணனுக்கும் நகர்த்தினாள். வெல்ல வாசனை கிளம்பியது.

"இதுல வெட்டியிருக்கறதெல்லாம் போன ஜெர்மன் சண்டையில செத்த சிப்பாய்ங்க பேரு..." மரியசூசையின் இடதுகை வளைவைக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் தன்னையறியாமல் குனிய, வலதுகை தன்பாட்டில் கீழே இறங்கி, மாவை அள்ளி, வாயில் போட்டது.

வியாகுலம் எழுந்து நின்றான். "தின்னுட்டீங்க மச்சான்."

அப்போதுதான் மரியசூசைக்கு உறைத்தது. துப்பவும் முடியவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"பசிக்குத் தின்னேன். அந்த வழக்கமெல்லாம் தருமபுரியோட சரி. இங்க செல்லாது."

"ஊர்தான் டில்லி. வயிறு எந்த ஊருங்க?"

"இவ போயிட்டா ரூமைப் புடுங்கிக்கிட்டு என்னை ஒண்டிக்கட்டைங்களோட கொட்டாயில தள்ளிடுவாங்க. இப்ப நடக்கற ஜெர்மன் சண்டை முடியறவரைக்கும் வேற ரூம் கிடைக்காது. அதைச் சாக்கு வெச்சு நீங்க இவளை அங்கயே நிறுத்திக்குவீங்க. உங்க வூட்டு யோக்கியதை எனக்குத் தெரியாதா?"

"ஓ! ரூமைக் காப்பாத்தத்தான் பொண்டாட்டியா? இன்னொரு பிள்ளையையும் அதே ரூமுல பறிகுடுக்கோணுமா?"

"டேய்! வாயை மூடு."

வியாகுலம் வேட்டியை மடித்துக் கட்டினான். வண்டிக்காரன் தூரத்திலிருந்து ஏதோ கத்தினான்.

லூர்து மேரி கையை ஊன்றி எழுந்தாள். பிடிக்க யாரும் வரவில்லை. மூட்டையை முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். வண்டி ஏறியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"ஏங்க, மீசையில மாவு ஒட்டியிருக்குது, தொடைச்சுக்கங்க. தொடைச்சுக்கிட்டு, அண்ணனைப் பார்க்காம என்னைப் பார்த்து, போயிட்டு வான்னு உங்க வாயால ஒரு சொல்லு சொல்லுங்க."