நாலாவது மாடிக்குப் போன வாசப்படிப் பாட்டு

ஆவணி மாதத்தின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம், நூம்பல் ஊர்ப் பேண்டு செட் வாசித்துக்கொண்டு போன பாட்டு ஒன்று திருவேற்காடு போகிற சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடி வீட்டுக்குள் நுழைந்தது, திரும்பி வரவில்லை. தெருமுனை திரும்பியதும் டிரம்பெட்டில் வெறும் காற்றுதான் வந்தது. எச்சில் அடைத்துக்கொண்டது என்று பேண்டு மாஸ்டர் இருதயராஜ் வாத்தியத்தைக் கவிழ்த்து உதறினார். உதறிவிட்டு ஊதினால் சினிமாப் பாட்டு வந்தது, மாதா கோயில் பாட்டு வந்தது, அம்மன் பாட்டுகூட வந்தது. வாசப்படிப் பாட்டு மட்டும் வரவில்லை. கல்யாண வீட்டாருக்குப் பந்தி அவசரம், யாரும் கண்டுகொள்ளவில்லை.

வாசப்படிப் பாட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இருதயராஜின் அப்பா கட்டிய மெட்டு அது. பாதி மாதா தேருக்கு ஊதுவது, பாதி ஆடிக் கூழுக்கு ஊதுவது. எது எங்கே முடிகிறதென்று கட்டியவருக்கே தெரியாது. கல்யாணப் பெண் பிறந்த வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது தொடங்கி, மண்டபம் வரைக்கும் வாசிப்பார்கள். அதற்கு உயிரே பெரிய டிரம்தான். அடிப்பவர் சின்னசாமி. பகலெல்லாம் மண்ணூர்பேட்டையில் லாரிக்கு லோடு ஏற்றுகிற மனுஷன், சாயங்காலம் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டால் கலெக்டர்கூட வழிவிட வேண்டும். நூம்பலிலிருந்து புருஷன் வீட்டுக்குப் போன பெண்கள் அத்தனை பேரும் அவர் அடிக்குக் காலெடுத்து வைத்தவர்கள்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊர்வலம் போகிற வழியில் சாவு வீடு வந்தால் டிரம்மின் கட்டையில் டக்கென்று தட்ட வேண்டும். உடனே செட்டு முழுக்க வாத்தியத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டைத் தாண்டும் வரைக்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க நடக்கும். கல்யாணம் எம்.எல்.ஏ. வீட்டுடையதானாலும் இதில் மாற்றமில்லை. ஷாமியானா, வாடகை நாற்காலி, வாசலில் புகைகிற கட்டை, எதுவும் சின்னசாமியின் கண்ணுக்குத் தப்பாது. அன்றைக்கு அந்தக் குடியிருப்பின் கேட்டில் இவை ஒன்றுமே இல்லை, பாவம் அவர் என்ன செய்வார்! ஷாமியானா போட அங்கே அசோசியேஷன் விடாது. கேட்டுக்கு உள்ளே ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. மேலே, நாலாவது மாடியில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்ரீநாத் உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள் அவன் மனைவி நிவேதிதா. கம்ப்யூட்டர் வேலைக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்து குடியேறியவர்கள், தெருவில் ஒருவருக்கும் அவர்களைத் தெரியாது. பால்கனிக் கதவு திறந்திருந்தது.

அதற்கப்புறம் நூம்பலில் அந்தப் பாட்டை யாராலும் ஊத முடியவில்லை, விசிலடிக்கவும் முடியவில்லை. பழைய கல்யாண வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார்கள். மாமன்மார்கள் சத்தமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். சரி, போனது போகட்டும், பாட்டுக்கா பஞ்சம் என்று இருதயராஜ் புதுப் பாட்டுகளுக்கு மாறிவிட்டார். சின்னசாமியால் அப்படி விட முடியவில்லை. தை மாதத்தில் அவருடைய ஒரே மகள் அருள்மொழிக்குக் கல்யாணம்.

"வேற பாட்டு வெச்சா நான் ஊட்டவுட்டே எறங்கமாட்டேன் நைனா," என்றாள் அவள். "தெருவுல எல்லாப் பொண்ணுக்கும் அட்ச்ச. எனுக்கு மட்டும் இல்லியா?"

அவர் மனைவி வேம்புலியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "பாட்டு கெட்ச்சா மட்டும் இன்னா? நீ டிரம்ம மாட்டிகினு போய்ட்டா பொண்ணு கைய எவன் புடிப்பான்? அத்த சொல்லு மொதல்ல."

வேம்புலியம்மாள் கேட்ட கேள்வி அருள்மொழி பிறந்த நாளிலிருந்தே அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவர் அடிக்காவிட்டால் அது வாசப்படிப் பாட்டு இல்லை. அடித்தால் அவர் பெண்ணைப் பெற்றவர் இல்லை, செட்டுக்காரர்.

பாட்டு இருக்கும் இடம் ஐப்பசியில் தெரிந்தது. அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன் ஜம்புலிங்கம் டீக்கடையில் புலம்பினார். நாலாவது மாடியில் நாள் முழுக்க டிரம்பெட் சத்தமாம். அசோசியேஷன் எலக்ட்ரீஷியனை அனுப்பி மெயினை இறக்கிப் பார்த்ததாம், நிற்கவில்லையாம். பிளம்பரையும் அனுப்பிப் பார்த்தார்களாம். சின்னசாமி டீயை அப்படியே வைத்துவிட்டு இருதயராஜைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

கதவைத் திறந்ததுமே கேட்டது. கூடத்தைச் சுற்றிவிட்டு அடுப்படிக்குப் போய், பாத்திரங்களை லேசாக அதிர வைத்துக்கொண்டிருந்தது பாட்டு. இருதயராஜ் மூன்றாவது வரியில் பிசிறடித்தது, அன்றைக்குக் குறுக்கே வந்த ஷேர் ஆட்டோவின் ஹாரன், எல்லாம் அப்படியே இருந்தன. சின்னசாமியின் கண் சுவரில் மாலை போட்டிருந்த படத்தின் மேல் விழுந்தது. தேதியைப் படித்தார். ஆவணியில் ஊர்வலம் போன அதே நாள்.

"தப்பு பண்ட்டேன் அண்ணாத்தே," என்று இருதயராஜின் தோளைப் பிடித்துக்கொண்டார். "சாவு ஊட்டு வாசல்ல அட்ச்சிகினு போயிக்கீறேன்."

ஸ்ரீநாத் ஒன்றும் கோபப்படவில்லை. "அன்னைக்கு உங்கள அடிக்கணும்போல இருந்துச்சுங்க," என்றான். "இப்ப காலைல எந்திரிக்கிறதே இந்தச் சத்தத்துலதான். இருந்தாலும் உங்க பாட்டு. எடுத்துட்டுப் போங்க." பால்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டான். பாட்டு கம்பி வரைக்கும் போயிற்று. பழகின பூனை மாதிரி திரும்பி அடுப்படிக்கே வந்துவிட்டது. அப்பாடா என்று ஸ்ரீநாத் விட்ட பெருமூச்சைச் சின்னசாமி பார்த்தார். பார்த்த பிறகு எந்த வாயால் கேட்பது? கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். "உன்ன மாரி ஏமாந்தவன நான் பாத்ததே இல்ல," என்று இருதயராஜ் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

தை மாதம் பெண் அழைப்பு. அருள்மொழி வீம்பை விட்டு, அப்பாவின் முகத்துக்காக வாசற்படி தாண்டினாள். வேறு பாட்டு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டதால் டிரம் மட்டும் அடித்துக்கொண்டு போனார்கள். தாய்மாமன் கன்னியப்பன் ஒரு கையைப் பிடித்திருந்தான். இன்னொரு கை சும்மா தொங்கியது. அந்தக் குடியிருப்பின் கேட் வந்ததும் சின்னசாமி கட்டையில் டக்கென்று தட்டினார். செட்டு சட்டென்று அடங்கியது.

"இன்னா மாமே, கண்ணால ஊர்கோலத்த நிறுத்தற? அந்தச் சாவு ஆயி எத்தினி மாசம் ஆவுது!" என்று கன்னியப்பன் எகிறினான்.

"அன்னிக்கு நிறுத்தல. இன்னிக்கு நிறுத்தறேன்," என்றார் சின்னசாமி.

வாத்தியங்கள் இறங்கின. செருப்புச் சத்தமும் பெண்ணின் கொலுசுச் சத்தமும்தான். பாதி கேட்டைத் தாண்டியிருப்பார்கள், மேலே பால்கனிக்கு ஸ்ரீநாத் வந்து நின்றான். அவனுக்குப் பின்னாலிருந்து பாட்டு வெளியே வந்தது, கம்பியைத் தாண்டியது, மாடி மாடியாக இறங்கித் தெருவுக்கு வந்து அருள்மொழியின் முன்னால் நின்றது. டிரம்பெட், கிளாரினெட், பிசிறு, ஹாரன், எல்லாவற்றுக்கும் அடியில் சின்னசாமி ஆவணியில் அடித்த அடி. சின்னசாமி தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் சும்மா இருந்தன. தோள்வாரைக் கழற்றி டிரம்மை இருதயராஜிடம் கொடுத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மண்டபம் வரைக்கும் அவர் அழுதுகொண்டேதான் நடந்தார், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

பாட்டு மண்டப வாசல் வரைக்கும் கூட வந்துவிட்டு நாலாவது மாடிக்கே திரும்பிவிட்டது. இப்போது நூம்பல் கல்யாணங்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. கேட் வந்ததும் சின்னசாமி தட்டுவார், செட்டு அடங்கும், பாட்டு இறங்கி வரும். முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலங்களில் பால்கனிக் கதவைத் திறந்துவைக்கும்படி அசோசியேஷனே நோட்டீஸ் போர்டில் எழுதிவிடுகிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த நிறுத்தத்தைப் பாட்டு ஊடு என்கிறார்கள். கல்யாண வீட்டிலிருந்து நாலாவது மாடிக்கு ஒரு சாப்பாடு போகும். பாயசம் சிந்தாமல் கொண்டுபோவது ஜம்புலிங்கத்தின் பொறுப்பு.