சுவரில் ஒரு முழங்கை

ஜப்பானின் கனசாவா நகரில் இசொகாய் அம்மாளின் விடுதிக்குப் புதிய தேநீர் அறை. உள்ளலங்காரம் கஜிதானியின் பொறுப்பு. மண்சுவர்களைப் பூசியவர் ஓனுகி என்ற பெண்மணி. ஊரில் அவர் பூச்சுக் கரணைக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு சுவரைக் கைப்பேசியில் படமெடுக்கப் பின்னால் நகர்ந்த கஜிதானி, எதிர்ச்சுவரும் ஈரம்தான் என்பதை முழங்கையால் அறிந்துகொண்டான். சுற்றிலும் பார்த்தான். யாருமில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஓனுகி இனிப்புப் பெட்டியை நீட்டி, இசொகாய் அம்மாள் முன் இடுப்பு மடியக் குனிந்தார். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்டால் அது இன்னொரு தப்பு.

"சாயங்காலம் வந்து பாத்தா சுவத்துல பள்ளம்மா. எப்படி விட்டேன்னே தெரியல. சுரண்டிட்டு முழுசா பூசித் தர்றேன்."

"பள்ளமா? அது முன்னாடி உக்காந்து இப்பத்தான் கண்ணு கலங்கிட்டு வந்தேன். மேகத்துக்குள்ள நிலா மாதிரி இருக்கு! தொட்டீங்கன்னா பாருங்க. கஜிதானி தம்பி, நீங்களே சொல்லுங்க."

தம்பி சொன்னான். குறையில்தான் உயிர் இருக்கிறது என்றான். காலம் தொட்ட இடம் என்றான். நேற்று மதியம் தொட்ட இடம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கீழ ஓனுகின்னு பேர் எழுதி வைக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு அம்மாள் தேநீர் எடுக்கப் போனார்.

ஓனுகியின் முகம் வெளுத்திருந்தது. "வியாழக்கிழமை எங்க பூச்சு வேலை ஆளுங்க பாக்க வர்றாங்க, தம்பி. ஓனுகிக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சும்பாங்க. அப்புறம் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

கஜிதானியின் வாயில் அவர் கொண்டுவந்த இனிப்பு. மெல்லாமலே விழுங்கினான்.

"அக்கா, உங்க கை நடுங்கல. அது என் முழங்கை."

"எது?"

"அந்த... மேகத்துக்குள்ள நிலா."

ஓனுகி அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"என்னைக் குனிய விட்டுட்டு, பக்கத்துல நின்னு தத்துவமா பேசினே?"

கஜிதானி அம்மாளிடமும் போய் உண்மையைச் சொன்னான்.

"பாருங்க, அவங்களைக் காப்பாத்தப் பழியைத் தன் மேல போட்டுக்கறாரு!" அம்மாளுக்கு மறுபடியும் கண் கலங்கியது. சுவரைத் தொடவே விடவில்லை.

வியாழக்கிழமை பூச்சுக்காரர்கள் வந்தார்கள். கஜிதானி அறை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்தான்.

"முழங்கை என்னோடது. சுவர் ஓனுகி அக்காவோடது."

கடைசியாக வந்த தடித்த ஆள் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் கன்னத்தை வைத்து, மறுமுனை வரை ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்த்தார்.

"சுவர் நல்லா வந்திருக்கு, ஓனுகி."

ஓனுகி நிமிர்ந்தார். அந்த ஆள் வெளியே போய்ச் செருப்பு மாட்டிய பிறகும் கஜிதானி குனிந்தேதான் இருந்தான்.